ரசாயன ஆலையின் கணித மாதிரியில் பிழை காணும் முறை

ரசாயனத் தொழிற்சாலை ஒன்றை நிறுவுவதற்கு முன்னர், அதன் ஒவ்வொரு பகுதியும் எவ்வாறு இயங்கும் என்பதைக் கணிப்பொறியில் கணக்கிட்டுப் பார்ப்பது இன்று எங்கும் வழக்கமாகிவிட்டது. கொதிகலம், வெப்பமாற்றி, காய்ச்சி வடிக்கும் கோபுரம் முதலியவை சமன்பாடுகளாக மாற்றப்பட்டு, ஒன்றோடொன்று இணைக்கப்படுகின்றன. கோபுரத்தின் உயரம், அதற்கு வேண்டிய நீராவி, ஆகும் செலவு ஆகிய யாவும் இக்கணக்கைக் கொண்டே முடிவு செய்யப்படுகின்றன. ஆகையால், மென்பொருளில் புகுந்த ஒரு சிறு பிழையும், கவனியாது விடப்படின், ஆலையின் அமைப்பிலேயே நிலைபெற்றுவிடும்.

இத்தகைய பிழைகள் இருவகைப்படும். கணக்கு முடிவு பெறாமல் நின்றுவிடுவது முதல் வகை. ஆலையில் எஞ்சிய பொருளை மீண்டும் தொடக்கத்திற்கே அனுப்பும்போது, கணிப்பொறி ஓர் உத்தேச விடையிலிருந்து தொடங்கி, திரும்பத் திரும்பக் கணக்கிட்டு உண்மை விடையை நெருங்க வேண்டும். இதை விரைவுபடுத்துவதற்கு வெக்ஸ்டைன் என்பவர் 1958இல் வெளியிட்ட முறை இன்றும் கையாளப்படுகிறது. உத்தேசம் பொருந்தாவிடின் கணக்கு அலைபாயும். கோளாறு உண்டென்பது உடனே தெரிந்துவிடும். கணக்கு இடையூறின்றி முடிந்து, விடை மட்டும் தவறாக இருப்பது இரண்டாம் வகை. அபாயம் மிகுந்தது இதுவே.

ஓர் உதாரணம்

எத்தனால் எனப்படும் சாராயத்தையும் நீரையும் பிரிக்கும் கோபுரத்தை எடுத்துக்கொள்ளலாம். தூய எத்தனால் 78.3 டிகிரி சென்டிகிரேடிலும், நீர் 100 டிகிரியிலும் கொதிக்கின்றன. எனினும், நீர் கலந்த சாராயத்தைச் சாதாரண வாயுமண்டல அழுத்தத்தில் எவ்வளவு உயரமான கோபுரத்தில் வடித்தாலும், எடையில் ஏறத்தாழ 95.6 சதவீதத்திற்கு மேல் எத்தனால் கிடைப்பதில்லை. அந்நிலையில் கலவை 78.2 டிகிரியில் ஒரே பொருளைப் போலக் கொதிக்கிறது. எழும் ஆவியும் எஞ்சும் திரவமும் ஒரே விகிதத்தில் அமைகின்றன. இதனைக் கொதிநிலை மாறாக் கலவை என்பர். பெட்ரோலுடன் கலப்பதற்கு நீரற்ற எத்தனால் தேவை. ஆதலால், எஞ்சிய நீரை மூலக்கூற்றுச் சல்லடை என்னும் நுண்துளைப் பொருளைக் கொண்டு அகற்றுகின்றனர். 2025இல் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலையை எய்திய இந்தியாவுக்கு இது முக்கியமான விஷயமாகும்.

ஒரு மென்பொருள் இக்கோபுரத்தைக் கணக்கிட்டு, உச்சியிலிருந்து 99.5 சதவீத எத்தனால் வருவதாகக் காட்டுகிறது எனக் கொள்ளலாம். எச்சரிக்கை எதுவும் தோன்றவில்லை. இதை நம்பினால், சல்லடைப் பிரிவே வேண்டியதில்லை என்று கருதப்படும். ஆலை கட்டி முடிந்தபின், அதிலிருந்து வருவது எரிபொருளுக்கு ஏற்காத, நீர் கலந்த சாராயமாகவே இருக்கும்.

ஆராயும் வரிசை

முதலாவதாக, உட்புகும் பொருள்களின் எடையும் வெளிவரும் பொருள்களின் எடையும் சமமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இவ்வுதாரணத்தில் அவை சமமாகவே உள்ளன. எனவே பிழை பொருள்களின் வரவு செலவில் இல்லை.

இரண்டாவதாக, மாதிரியைச் சுருக்க வேண்டும். வெப்பமாற்றிகளையும் கோபுரத்தையும் நீக்கிவிட்டு, ஒரே கலத்தில் இரு திரவங்களும் தம் ஆவியுடன் சமநிலையில் இருப்பதாக மட்டும் கணக்கிடுதல் வேண்டும். இச்சிறு கணக்கிலும் கொதிநிலை மாறாக் கலவை தோன்றவில்லையெனில், குற்றம் சமநிலைக் கணக்கில்தான் இருக்கிறது.

மூன்றாவதாக, ஒவ்வொரு பொருளையும் தனியே சோதிக்க வேண்டும். நீரின் கொதிநிலை 100 டிகிரி என்றும், எத்தனாலின் கொதிநிலை 78.3 டிகிரி என்றும் சரியாகவே கிடைக்கின்றன. ஆகவே, தனித்தனிப் பொருள்களின் ஆவியழுத்த எண்களில் தவறில்லை. இரண்டும் கலக்கும் இடத்திலேயே பிழை உள்ளது.

கலவையின் தன்மையைக் கணக்கிட ரெனான், பிரௌஸ்னிட்ஸ் ஆகியோர் 1968இல் வகுத்த சமன்பாடு பெரிதும் பயன்படுகிறது. இதில், மூலக்கூறுகளின் பரஸ்பர சக்தியைக் குறிக்கும் எண், வாயு மாறிலியாலும் தனி உஷ்ணநிலையாலும் வகுக்கப்படுகிறது. வாயு மாறிலி ஜூல் அளவில் 8.314, கலோரி அளவில் 1.987. ஜெர்மனியின் டெக்கேமா ஸ்தாபனம் 1977 முதல் வெளியிட்ட அட்டவணைகளில் பரஸ்பர சக்தி கலோரியில் தரப்பட்டுள்ளது. அந்த எண்ணை மென்பொருள் 8.314ஐக் கொண்டு வகுத்துவிடின், விளைவு கால் பங்காகக் குறைந்துவிடும்.

எத்தனால் மிகுந்த கலவையில், நீர் ஆவியாகும் நாட்டம் இலட்சியக் கலவைக்குரியதைப்போல் சுமார் இரண்டரை மடங்காகும். கொதிநிலை மாறாக் கலவை உண்டாவதற்கு இதுவே காரணம். பிழையான கணக்கில் இது ஒன்றரை மடங்குக்கும் கீழே வீழ்கிறது. தடை மறைந்து, இயற்கையில் நிகழாத பிரிவு தாளில் நிகழ்கிறது.

அளவைக் குழப்பம் அற்பமானதன்று. அமெரிக்கா செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலம் ஒன்று 1999 செப்டம்பரில் அழிந்தது. ஒரு மென்பொருள் பவுண்டு அளவில் தந்த எண்ணை, மற்றொன்று நியூட்டன் அளவாகக் கொண்டதே அதற்குக் காரணமாயிற்று.

திருத்தியபின் செய்யத்தக்கவை

பிழையைத் தேடுங்கால் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால், விடை சரியானாலும் காரணம் விளங்காது. பரிசோதனையில் கண்ட மதிப்பு வரும்வரை எண்களை மனம்போல் திருத்துவதும் கூடாது. அப்போது ஒரு பிழையை மற்றொரு பிழை மறைத்துவிடும். பிழையைக் காட்டிக்கொடுத்த சிறு கணக்கை நிரந்தரச் சோதனையாகப் பாதுகாத்து, மென்பொருள் மாற்றப்படும் போதெல்லாம் அதனை நடத்திப் பார்ப்பது நலம்.

இப்பயிற்சிக்கு நம் நாட்டு மாணவர்களுக்கு இன்று வாய்ப்பு உண்டு. டிடபிள்யூசிம் என்னும் மென்பொருளின் மூல ஆணைகளை எவரும் படித்தறியலாம். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஃபாஸி திட்டம் அதனைக் கல்லூரிகளில் பரப்பி வருகிறது. அதில் எத்தனாலும் நீரும் கலந்த ஒரு சிறு கலத்தை அமைத்து, 78.2 டிகிரி கிடைக்கிறதா என்று பார்ப்பது, பெரிய ஆலைகளைக் கணக்கிடப் புகுவோருக்கு ஏற்ற முதற் பாடமாகும்.