‘ஒத்தி’ வேறு, ‘வாடகை’ வேறு: மும்பைத் தமிழர்களுக்குச் சட்டம் சார்ந்த தன்னார்வலர்கள் ஏன் முக்கியம்?

மும்பை: மாத வாடகை இன்றி, மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துத் தாராவியில் குடியிருக்கும் திருநெல்வேலிக் குடும்பம், அந்த வீட்டில் ‘ஒத்தி’க்கு இருப்பதாகவே சொல்லும். அதே ஏற்பாட்டை மும்பைவாசிகள் ‘ஹெவி டெபாசிட்’ என்பர். இதனை அதிகாரியிடம் எடுத்துரைப்பவர் ‘வாடகை’ என்றோ ‘சொந்தம்’ என்றோ மொழிபெயர்த்தால், அக்குடும்பம் கோரும் உரிமையே மாறிவிடக்கூடும்.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான கணக்கெடுப்பு 2024-இல் தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்போருக்கு தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது திட்டத்தின் விதி. ஆகவே, எப்போது குடிவந்தார், எந்த உரிமையில் வசிக்கிறார் என்பதை ஆவணங்களால் நிறுவுவதே இங்கு பெரும் சவால். இத்தகைய இடங்களில் மக்களுக்கும் சட்டத்துக்கும் இடையே பாலமாக இருப்பவர்களே சட்டம் சார்ந்த தன்னார்வலர்கள்.

யார் இவர்கள்?

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் இயங்கும் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2009-இல் தன்னார்வலர் திட்டத்தை உருவாக்கியது. ஆசிரியர்கள், ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், மாணவர்கள் எனப் பலரும் இதில் சேரலாம். நன்னடத்தை உள்ள நீண்டகாலச் சிறைவாசிகளுக்கும் சிறைக்குள் இப்பணி உண்டு. இவர்கள் வழக்கறிஞர்கள் அல்லர். நீதிமன்றத்தில் வாதாட முடியாது. மனு எழுத உதவுவதும், உரிய அலுவலகத்துக்கு வழிகாட்டுவதும், இலவச வழக்கறிஞரைப் பெற்றுத் தருவதும் இவர்களின் பணி. உதவி பெறுவோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது; ஆணையமே மதிப்பூதியம் வழங்கும்.

பெயரே சிக்கலாகும்போது

தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து மட்டுமே உண்டு. மகாராஷ்டிரப் படிவங்களோ குடும்பப் பெயரைக் கேட்கின்றன. இதனால் ஓர் ஆவணத்தில் ஊர்ப் பெயரும், மற்றொன்றில் தந்தை பெயரும் குடும்பப் பெயராக ஏறிவிடுகின்றன. தேவநாகரியில் எழுதும்போது ‘ழ’கரமும் வெவ்வேறு எழுத்துகளாக மாறுகிறது. ஒரே நபர் காகிதத்தில் இருவராகிவிடுகிறார். தமிழ் அறிந்த தன்னார்வலர் இம்முரண்பாட்டின் காரணத்தை உடனே புரிந்துகொண்டு, உறுதிமொழிப் பத்திரம் தயாரிக்க வழிகாட்ட இயலும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தடுப்புக் காவலுக்கான காரணங்களை, காவலில் உள்ளவர் புரிந்துகொள்ளும் மொழியில் தெரிவிக்க வேண்டும் என மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1962-இலேயே தீர்ப்பளித்தது. மும்பை வொர்லி கார் விபத்து வழக்கில் 2025 நவம்பரில் அளித்த தீர்ப்பில், கைதுக்கான காரணங்களையும் கைதானவர் அறிந்த மொழியில் எழுத்துப்பூர்வமாக வழங்க வேண்டும் என்றது. சாட்சியத்தை உண்மையாக மொழிபெயர்க்க வேண்டியது மொழிபெயர்ப்பாளரின் கடமை என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவு கூறுகிறது.

ஒரே மொழி போதுமா?

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தோல் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்தவர்களின் பேச்சும் வாழ்வும் வேறு. அலுவலகப் பணிக்காக மாட்டுங்காவிலும் பின்னர் செம்பூரிலும் குடியேறியவர்களின் சூழல் வேறு. சாதி, தொழில், பாலினம் சார்ந்த அனுபவங்களைத் தாய்மொழி மட்டுமே விளக்கிவிடாது.

அண்டை வீட்டுக்காரர் என்பதும் இருமுனைக் கத்தியே. தெரிந்த முகம் நம்பிக்கை தரும். ஆனால், கணவரின் வன்முறையை அதே சந்தில் வசிப்பவரிடம் சொல்லப் பெண்கள் தயங்கக்கூடும். எனவே, இரகசியம் காப்பதும், சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எடுத்துரைப்பதும் இப்பணியின் அடிப்படை. தன் பின்னணியை மறைக்க வேண்டியதில்லை. அதனைப் பிறர் மீது திணிக்கவும் கூடாது.

திருநர்களுக்கு மூன்றாம் பாலின அங்கீகாரம் வழங்கிய 2014 தீர்ப்பு, தேசிய சட்டப் பணிகள் ஆணையமே தொடுத்த வழக்கில் கிடைத்தது. 2017-இல் மேற்கு வங்கத்தின் இஸ்லாம்பூரில் திருநங்கை ஜோயிதா மண்டல் லோக் அதாலத் அமர்வில் இடம்பெற்றார். உதவி கேட்டு நிற்கும் இடத்தில் இருந்தவர்கள், தீர்வு சொல்லும் இருக்கையிலும் அமர முடியும் என்பதற்கு இது சான்று.

யாரை அணுகலாம்?

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளோர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். மற்றவர்களுக்கு மாநில அரசு நிர்ணயித்த வருமான வரம்பு பொருந்தும். தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டத்திலும், செம்பூர் புறநகர் மாவட்டத்திலும் அடங்கும். அந்தந்த மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுக வேண்டும். தேசிய உதவி எண்: 15100. தங்களுக்குத் தெரிந்த மொழியிலேயே விளக்கம் கேட்பது சலுகை அல்ல, உரிமை.