நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் பாதி வழியில் கால் சோர்வது ஏன்?

உடல் மாச்சத்தை கிளைக்கோஜனாகத் தசையிலும் ஈரலிலும் சேமிக்கிறது. பெரியவர் ஒருவரிடம் இருப்பது சுமார் 500 கிராம்தான். விடாமல் வேகமாக மிதித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். கொழுப்பு ஏராளமாக இருந்தாலும் அதிலிருந்து சக்தி மெதுவாகவே கிடைக்கும். அதனால்தான் கால் கனக்கிறது, தலை சுற்றுகிறது.

வியர்வையில் நீரும் உப்பும் போவதும் சோர்வைக் கூட்டும். இலங்கையில் பெல்மதுளையிலிருந்து கொடகவெல, எம்பிலிப்பிட்டிய வழியாக நோனாகமவுக்குப் போகும் ஏ18 வீதியை எடுத்துக்கொள்வோம். அது ஈர வலயத்தில் தொடங்கி உலர் வலயத்தில் முடிகிறது. கொடகவெலப் பக்கத்தில் காற்று ஈரமாக இருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும். உடல் குளிராது, நீரும் உப்பும் வீணாகும். தெற்கே வெயில் கூடும். வியர்வை உடனே உலர்வதால் இழப்பு கண்ணுக்குத் தெரியாது.

மாச்சத்து தீராதிருக்க, பசிக்கும் முன்பே சாப்பிடத் தொடங்க வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து போதும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் உண்டு. கித்துள் கருப்பட்டித் துண்டும் கைகொடுக்கும். தேங்காய் ரொட்டியில் கொழுப்பு இருப்பதால் மெதுவாகச் செரிக்கும். அதைப் புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிடுவது நல்லது.

செவ்விளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். ஆகவே உப்பும் சேர வேண்டும். குடலில் சோடியமும் குளுக்கோசும் சேர்ந்தே உறிஞ்சப்படுகின்றன, நீரும் கூடவே செல்கிறது. ஜீவனி போன்ற நீரேற்றக் கரைசல்கள் வேலை செய்வது இப்படித்தான். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

நீர்த் தேவையை அறியப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கலாம். குறைந்த ஒவ்வொரு கிலோவும், இடையில் குடித்தது போக, ஏறத்தாழ ஒரு லீற்றர் நீரிழப்பு.