பிறக்கும்போதே வந்த கட்டி, நாற்பது வயதில் தலைகாட்டும்! தெரியுமா?

ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டுமென்று திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு, பக்கத்துக் கிழக்கேகோட்டையில் மெடிக்கல் காலேஜ் பஸ் ஏறுபவர்களில் நம் குமரி மாவட்டத்துக்காரர்களும் உண்டு. அந்த மெடிக்கல் காலேஜ் வளாகத்தில்தான் மூளை, இதய சிகிச்சைக்குப் பேர்பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இருக்கிறது.

அப்படி ஆபரேஷன் வரை கொண்டுபோகும் பிறவிக் கட்டிகளில் மூன்றைப் பார்ப்போம். மூளையின் நடு அறையில் கூழ் நிரம்பிய ஒரு கட்டி இருக்கக்கூடும். வித்து விழுவது கருவில்; தலைவலியாக வெளிப்படுவதோ பெரும்பாலும் இளமை கடந்த பிறகு! மூளைநீர் போகும் வழியை அது சட்டென்று அடைத்தால் உயிருக்கே ஆபத்து. 1921-இல் அமெரிக்காவின் டாக்டர் வால்டர் டாண்டி இதை வெற்றிகரமாக அகற்றினார். இன்று எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டே எடுக்கிறார்கள்!

நாக்கை நீட்டினால் மேலே ஏறும் கழுத்துக் கட்டி தெரியுமா? கருவில் தைராய்டு நாக்கின் அடியிலிருந்து கழுத்துக்கு இறங்கி வரும். வந்த பாதை மறையாமல் நின்றால் அங்கே நீர் கோக்கும். கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வரக்கூடும். நாவடி எலும்பின் நடுத்துண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று 1920-இல் காட்டியவர் டாக்டர் சிஸ்ட்ரங்க். கத்தி வைக்குமுன் ஸ்கேன் கட்டாயம். சிலருக்கு உடலில் உள்ள ஒரே தைராய்டே அந்தக் கட்டிதான்!

எல்லாவற்றிலும் ஏமாற்றுக்காரன் பித்தநாளக் கட்டி. ஆசியாவில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். பித்தநாளமும் கணையநாளமும் சேரவேண்டிய இடத்துக்கு முன்பே சேர்ந்துவிடுவதால், கணையநீர் மேலேறி நாளத்தை அரிக்கிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். பெரியவர்களுக்கு வலி வந்தால் 'கேஸ்' என்பார்கள், 'பித்தப்பைக் கல்' என்பார்கள். அல்ட்ராசவுண்டில் நாளம் வீங்கித் தெரிந்தால் விடாதீர்கள், பித்தநாளத்தைத் தெளிவாகக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் கேளுங்கள்! முன்பெல்லாம் கட்டியை உள்ளேயே விட்டு, குடலோடு இணைத்து வடியவிட்டார்கள். எஞ்சிய சுவரில் பின்னாளில் சிலருக்குப் புற்றுநோய் வந்தது. இப்போது பித்தப்பையோடு கட்டி முழுவதையும் அகற்றி, சிறுகுடலை மேலே இழுத்து ஈரல் நாளத்தோடு தைக்கிறார்கள். கோவையில் டாக்டர் பழனிவேலு குழு 35 பேருக்கு இதை லேப்ராஸ்கோப்பிலேயே செய்து, 2008-இல் அறிக்கை வெளியிட்டது!

தையல் ஆறினாலும் ஆயுள் முழுக்கப் பரிசோதனை வேண்டும். மிச்சமிருக்கும் நாளத்தில் பல ஆண்டுகள் கழித்தும் புற்று தோன்றக்கூடும். இணைத்த இடம் சுருங்கினால் குளிர்க்காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் வரும்.