கறுப்பு ஏன் வெளுக்கிறது?

திண்டுக்கல்லில் வெயிலில் நிற்கும் பழைய கார்களைக் கவனித்திருப்பீர்கள். வர்ணம் பூசிய தகடு பளபளவென்றிருக்க, கறுப்புப் பிளாஸ்டிக் பம்பர் மட்டும் சாம்பல் பூத்துக் கிடக்கும். சாயம் போய்விட்டதா? அதன்மேல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உடனே கறுக்கும், காய்ந்ததும் மறுபடி வெளுக்கும். ஆகவே சாயம் எங்கும் போகவில்லை!

பம்பர் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. அதில் கலந்த நுண்ணிய கரித்தூளே கறுப்பைத் தருகிறது. புற ஊதாக் கதிர்களை விழுங்கி உட்பகுதியைக் காப்பதும் அதுவே. மேற்பரப்பு மட்டும் தப்புவதில்லை. திண்டுக்கல் இருப்பது ஏறக்குறைய 10 பாகை வட அட்சத்தில். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்து நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன. அங்கே சிதறும் ஒளியைத்தான் சாம்பல் நிறமாகக் காண்கிறோம்.

காற்றின் ஒளிவிலகல் எண் 1, தண்ணீருக்கு 1.33, தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 1.45, பாலிபுரொப்பிலீனுக்குச் சுமார் 1.49. வெடிப்பை நிரப்பும் பொருளின் எண் பிளாஸ்டிக்கின் எண்ணை நெருங்க நெருங்கச் சிதறல் குறையும். எண்ணெய் தடவும் கைவைத்தியத்தின் ரகசியம் இதுதான். ஆனால் சில நாளில் நம் ஊர்ப் புழுதி அதில் அப்பிக்கொள்ளும்.

சோப்பு நீரால் கழுவி, நன்றாக உலரவிட்டு, புற ஊதாத் தடுப்புள்ள பூச்சை மெல்லியதாகத் தடவுவதே மேல். மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அவை பிளாஸ்டிக்கினுள் ஊறி அதை உப்பச் செய்யும். அறுந்த சங்கிலியை எந்தப் பூச்சும் ஒட்டவைக்காது. குழாயடி வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் குடம் ஒருநாள் பொசுக்கென்று உடைவதும் இதே கதைதான். வண்ணக் குடத்தில் அந்தக் கரித்தூள் காவலும் இல்லை.