பெட்டூனியா வளர்ப்பில் நேரும் சிக்கல்கள்

தோட்டங்களில் இன்று காணப்படும் பெட்டூனியா, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட வெண்ணிறப் பூவும் ஊதாப் பூவும் பூக்கும் இரண்டு காட்டினங்களை 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டக்கலைஞர்கள் கலந்து உருவாக்கிய செடியாகும். கத்தரி, தக்காளி, மிளகாய், புகையிலை ஆகியவற்றோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இது, நல்ல வெயிலையும் நீர் தேங்காத மண்ணையும் நாடுவது. இதற்கு நேரும் தொல்லைகளில் பெரும்பாலானவை பூவிலோ இலையிலோ வெளிப்பட்டாலும், அவற்றுள் பலவற்றின் காரணம் வேரிலும் நீரிலும் இருக்கிறது.

முதலாவது சிக்கல் வாடல். மண் ஈரமாக இருக்கும்போதே செடி துவண்டால், அது நீர்ப்பற்றாக்குறை அன்று. பித்தியம், பைட்டோப்தோரா முதலிய பூஞ்சை போன்ற நுண்ணுயிரிகள் காற்றில்லாத ஈரமண்ணில் பெருகி வேரை அழுகச் செய்திருப்பதன் அடையாளமாகும். அந்நிலையில் மேலும் நீர் ஊற்றுவது அழுகலை விரைவுபடுத்தும் என்பதால், மேல்மண் ஓர் அங்குல ஆழத்துக்கு உலர்ந்துள்ளதா என்று விரலால் அறிந்த பின்னரே நீர் விட வேண்டும். தொட்டியின் அடித்துளை அடைபடாதிருப்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

அடுத்தது இலை மஞ்சளாதல். முதிர்ந்த அடியிலைகள் முதலில் மஞ்சளானால் பொதுவாகத் தழைச்சத்துக் குறைவு எனக் கொள்ளலாம். ஆனால் நரம்புகள் பச்சையாக இருக்க, இளந்தளிர்கள் மட்டும் வெளிறினால், அது இரும்புச் சத்துக் குறைபாடு. பெட்டூனியாவுக்கு ஏற்றது சற்றே அமிலத்தன்மையுள்ள மண், அதாவது அமில-கார அளவான பி.எச். 5.5 முதல் 6 வரை உள்ள மண். தமிழகத்தின் பல பகுதிகளில் கிடைக்கும் காரத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றும்போது இந்த அளவு உயர்ந்து, மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாமல் போகிறது. ஆகவே இளந்தளிர் வெளிறுவதற்குத் தழைச்சத்து உரமான யூரியா இடுவதால் பயனில்லை. இயன்றபோது மழைநீரைப் பயன்படுத்துவதும், கரைந்த நிலையில் வேருக்குக் கிட்டும் கீலேட் வகை இரும்பை அளவோடு அளிப்பதுமே தீர்வாகும்.

தண்டு நீண்டு, நுனியில் மட்டும் சில பூக்கள் நிற்பதற்கு வெயில் குறைவும் கவாத்து இன்மையும் காரணங்கள். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் பெறச்செய்து, வாடிய பூக்களை அவற்றின் அடியிலிருக்கும் விதைப்பையோடு கிள்ளி எடுத்து, நீண்ட தண்டுகளைப் பாதியளவு வெட்டிவிட்டால் பக்கக் கிளைகள் தழைக்கும்.

மொட்டுகளில் துளைகளும் கருநிற எச்சமும் தென்பட்டால் மொட்டுப்புழுவைத் தேடி அகற்ற வேண்டும். மழைநாளில் இதழ்களில் படரும் சாம்பல் பூசணத்துக்கு, செடியின் மேல் நீர் படாமல் அடியில் ஊற்றுவதே முதல் காப்பு. இலையில் வெளிர்பச்சைத் திட்டுகளையும் சுருக்கத்தையும் உண்டாக்கும் புகையிலைத் தேமல் நச்சுயிரிக்கு மருந்தில்லை. தொடுதலாலேயே பரவும் அதனால் தாக்குண்ட செடியைப் பிடுங்கி அழிப்பதும், புகையிலையைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே செடியைத் தொடுவதும் கட்டாயமாகும். உரமும் மருந்தும் வாங்கும் முன், எந்த இலை மஞ்சளாகிறது, எந்த மண்ணில் செடி வாடுகிறது என்று பார்த்தறிவோருக்குப் பெட்டூனியா கடினமான செடி அன்று.