ஒரு பிள்ளை, ஒரு பெரியவர், ஒரு மணி நேரம்

2001 டிசம்பரில் 'பீசா' ஆய்வின் முடிவுகள் வெளிவந்தபோது ஜேர்மனி அதிர்ந்துபோனது. வாசித்து விளங்கிக்கொள்வதில் இந்நாட்டின் 15 வயது மாணவர்கள் சராசரிக்கும் கீழே நின்றார்கள். நான் வாழும் ஹனோவரில் ஒட்டோ ஸ்டெண்டர் என்னும் புத்தகக் கடைக்காரர் 2003இல் 'மென்டோர்' அமைப்பைத் தொடங்கினார்.

முறை மிக எளிது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். பாடசாலையிலேயே வாரம் ஒரு மணி நேரம், குறைந்தது ஒரு வருடம். பெரியவருக்கு ஊதியமில்லை. பிள்ளைக்குப் புள்ளியுமில்லை, பரீட்சையுமில்லை. பிள்ளைக்குப் பிடித்த புத்தகம், அது காற்பந்து பற்றியதானாலும் சரி, சித்திரக்கதையானாலும் சரி, அதை இருவரும் சேர்ந்து வாசிக்கிறார்கள்; இடையிடையே நிறுத்திக் கதைக்கிறார்கள். இந்தக் கதைப்புத்தான் முக்கியம் என்பேன். இன்று இம்முறை நாடெங்கும் பரவியிருக்கிறது. தேவையும் குறையவில்லை: 2021இல் நடந்த 'இக்லு' வாசிப்பு ஆய்வில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் காற்பங்கினர் வேண்டிய தரத்தை எட்டவில்லை.

நமது வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளில்? பிள்ளைகள் எழுத்துக்கூட்டக் கற்கிறார்கள், பரீட்சை எழுதுகிறார்கள். பாடநூலைத் தவிர வேறொரு தமிழ்ப் புத்தகத்தை அவர்கள் கையில் நான் அரிதாகவே காண்கிறேன். ஆனால் வகுப்பு முடியும்வரை வெளியே காத்திருக்கும் அம்மம்மாக்களும் தாத்தாக்களும் கதைப்புத்தகங்களோடு வளர்ந்தவர்கள். அவர்களில் ஒருவரை ஒரு பிள்ளையோடு அரை மணி நேரம் உட்காரவைக்க நிதியுதவி வேண்டியதில்லை. ஓர் அலுமாரிப் புத்தகங்கள் போதும். ஊருக்குப் போய்வருகிறவர்கள் மிளகாய்த்தூள் பைகளுக்கு நடுவே நாலைந்து சிறுவர் நூல்களுக்கும் பெட்டியில் இடம் விடலாம்.