தொழிற்சாலை நெட்வொர்க்: எண்ணும் பெயரும் பற்றி நம் பிள்ளைகள் அறிய வேண்டியவை

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. இன்று ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை சிப்காட் வளாகங்களில் கார், லாரி, செல்போன், உதிரிபாகம் என எத்தனையோ தயாராகின்றன. அங்கே வேலை தேடும் நம் பிள்ளைகள் பலர் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்திருந்தும் புரொடக்ஷன் லைன் வேலையையே கேட்கிறார்கள். அந்த லைனை இயக்கும் நெட்வொர்க்கைப் பராமரிக்கவும் ஆட்கள் தேவை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அந்த வேலைக்கு அடிப்படை இரண்டு: கருவிகளுக்கு எண் கொடுப்பது, பெயர் கொடுப்பது.

முதலில் எண். நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி என்ற எண் உண்டு. உதாரணம்: 192.168.1.20. இந்த எண்ணை டிஎச்சிபி என்ற சேவை தானாகவே வழங்கும். ஆனால் அது வாடகை போன்றது. தவணை முடிந்தால் வேறு எண் வரலாம். ஊழியரின் செல்போனுக்கு எண் மாறினால் நஷ்டமில்லை. லேபிள் பிரிண்டருக்கு மாறினால் கம்ப்யூட்டர் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். லேபிள் வராது, பெட்டி லாரியில் ஏறாது.

ஆகவே பிரிண்டர், கேமரா, சர்வர் போன்றவற்றுக்கு எண்ணை நிலையாக ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்ற 12 இலக்க அடையாளம் உண்டு. அதை டிஎச்சிபி-யில் பதிந்து, 'இந்தக் கருவிக்கு எப்போதும் இந்த எண்' என்று எழுதிவைத்தால் போதும். கருவியிலேயே கையால் எண் இடுவதானால், டிஎச்சிபி வழங்கும் வரிசைக்கு வெளியே உள்ள எண்ணையே இட வேண்டும். இல்லாவிட்டால் அதே எண் வேறொரு கருவிக்கும் போய், இரண்டின் தொடர்பும் தடுமாறும்.

அடுத்து பெயர். எண்களை மனிதர்கள் நினைவில் வைக்க முடியாது. அதனால் 1983-ல் டிஎன்எஸ் என்ற முறை உருவானது. பெயரைச் சொன்னால் அது எண்ணைத் தேடித் தரும். அதில் 'சிநேம்' என்ற மாற்றுப் பெயர் வசதியும் உண்டு.

நம் ஊர்களில் ஒருவருக்கு ஆவணத்தில் ஒரு பெயர், தெருவில் ஒரு பெயர் இருக்கும். எதைச் சொல்லிக் கேட்டாலும் ஒரே வீட்டைத்தான் காட்டுவார்கள். சிநேமும் அப்படித்தான். சர்வரின் உண்மைப் பெயர் 'சர்வர்-3' என்றால், 'ஸ்டோர்ஸ்' என்ற மாற்றுப் பெயரை அதற்குக் கொடுக்கலாம். எல்லாக் கம்ப்யூட்டர்களும் 'ஸ்டோர்ஸ்' என்றே கேட்கும். நாளை புதிதாக 'சர்வர்-7' வந்தால், டிஎன்எஸ்-ல் ஒரு வரியை மாற்றினால் போதும்; நூறு கம்ப்யூட்டர்களைத் திறக்க வேண்டியதில்லை.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. சிநேம் இன்னொரு பெயரைத்தான் காட்ட வேண்டும், எண்ணை அல்ல. மேலும், கம்ப்யூட்டர்கள் பழைய பதிலைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். அந்த நேர அளவை மாற்றத்துக்கு முந்தைய நாளே குறைத்துவிட வேண்டும்.

இவற்றைப் பழக வீட்டு வைஃபை ரூட்டரே போதும். பெரும்பாலான ரூட்டர்களில் டிஎச்சிபி பக்கத்தில் முகவரி ஒதுக்கும் வசதி இருக்கிறது. வீட்டு பிரிண்டருக்கு ஒரு எண்ணை ஒதுக்கிப் பாருங்கள். கம்ப்யூட்டரில் 'ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பு உண்டு; அதில் அந்த எண்ணுக்கு நேராக ஒரு பெயரையும், பக்கத்திலேயே மாற்றுப் பெயரையும் எழுதி, இரண்டும் வேலை செய்கின்றனவா என்று சோதியுங்கள்.

செய்ததை ஒரு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கமும் வேண்டும்: எந்தக் கருவி, எந்த எண், எந்தப் பெயர், மாற்றிய தேதி. நேர்முகத் தேர்வில் "பிரிண்டர் திடீரென்று வேலை செய்யவில்லை, முதலில் எதைப் பார்ப்பாய்?" என்று கேட்டால், வீட்டில் செய்து பார்த்த பிள்ளையிடம் சொல்வதற்குப் பதில் இருக்கும்.